பாடம் கேட்கப் போன டீச்சர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று கூட்டத்தில் நான் சொல்லாதது: காலை பத்து மணிக்கு அவர்களில் யாருமே சும்மா இருப்பதில்லை.

இவ்வளவுதான். ஒரே வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடி, அந்த வாக்கியத்தை உள்ளேயே இறக்கிவிட்டேன்.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு அலுவலகத்தில் 'சுற்றறிக்கை' என்று பெயர். டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட 'இதன்மூலம் தெரிவிப்பது என்னவென்றால்' என்கிற தோரணையில்தான் பேசுவார். படிக்காமல் விட்டுப்போன பெரியவர்களுக்கு மாலையில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள்; அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. போன வாரப் பயிற்சிக்கு மண்டபம் நிறைய நாற்காலி போட்டோம். முன் இரண்டு வரிசைகூட நிறையவில்லை. இன்று அதைச் சொல்லிவிட்டு, "ஆர்வம் இல்ல. இருந்தா வருவாங்க" என்றார். கூடவே ஒரு புது விதி. இந்த மாதம் முடிவதற்குள் ஒரு பயிற்சிக்காவது வராதவர்களிடமிருந்து வகுப்பு பிடுங்கப்படும். எடுத்து நடத்த வேறு ஆள் கிடைக்காவிட்டால் வகுப்பே மூடப்படும்.

அவர்களுக்கு இது இரண்டாவது வேலை. பகலில் ஒருவர் தபால் பிரிக்கிறார், ஒருவர் துணி தைக்கிறார், ஒருவர் கார் ஓட்டச் சொல்லித்தருகிறார். பத்து மணிக்கு வந்து உட்கார் என்றால் எந்த முதலாளி விடுவார்?

சுற்றறிக்கை கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். பயிற்சி நாளன்று எல்லோருக்கும் முன்னால் வந்து தன் கையாலேயே மைக்கைத் தட்டிப் பார்ப்பவர். திரையில் காட்டும் படங்களுக்கு வீட்டில் உட்கார்ந்து அம்பு அம்பாக வரைந்துகொண்டு வருபவர். காலி நாற்காலிகளைப் பார்த்தபோது அவர் முகம், பந்திக்கு இலை போட்டுவிட்டு ஆள் வராமல் நிற்கிறவர் முகம் மாதிரி இருந்தது. அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

— முகம் ஒரு சாக்கு. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

பயிற்சிக்கு வராதவர்களின் வகுப்புகளை ஒருவர் நேரில் பார்த்து வர வேண்டுமாம். "வாயத் திறக்காதவங்கதான் நல்லாப் பாப்பாங்க" என்று என்னை அனுப்புகிறார் சுற்றறிக்கை. பாராட்டா, குத்தலா?

ஜூன் 6, வெள்ளி

முதல் வகுப்பு. வெட்கம் இன்னும் அடங்கவில்லை.

ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முன்னறை. பகலில் அங்கே கார் ஓட்டக் கற்றுத்தரும் பெண்மணிதான் மாலையில் எழுத்தும் கற்றுத்தருகிறார். முதலாளி இரக்கப்பட்டு அறையைக் கொடுத்திருக்கிறார். சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். மூலையில் இரும்புக் காலில் பொருத்திய ஒரு ஸ்டியரிங். அதில் யாருடைய பையோ தொங்கிக்கொண்டிருந்தது.

நான் போனபோது ஆசிரியர் வந்திருக்கவில்லை. வாசலில் தயங்கி நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். என் தயக்கம் பிறவித் தயக்கம். அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாணவர் விடுதியில் சமையல் செய்யும் அம்மா, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"புதுசா? வா வா. எல்லாரும் ஒரு நாள் புதுசுதான். பேனாவ உள்ள வை. முதல்ல பென்சில் புடிக்கணும். நான் முதல் நாளே பேனா புடிச்சு பேப்பரக் கிழிச்சேன்."

நான் அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கை விலகிவிடும் என்று தோன்றியது. பென்சிலை வாங்கிக்கொண்டேன். எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். அப்படியே பிடித்தேன்.

கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு ஆசிரியர் வந்தார். நாற்பது வயதிருக்கும். உரத்த குரல். பயிற்சிக் காரில் சொல்லித்தருகிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதனால் அவருக்கு 'டபுள் பிரேக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் காதுபடவே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார். காலையில் நான் தொலைபேசியில் பேசியிருந்தேன். ஒரே பார்வையில் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

"புதுசா வந்திருக்கிற தங்கச்சி போர்டுக்கு வரட்டும். கூச்சப்படாத. பேரு எழுதத் தெரியுமா? தெரிஞ்ச வரைக்கும் எழுது."

எழுதினேன். வேறென்ன செய்ய? வகுப்பே கை தட்டியது. சமையல்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டு, தனக்கு இதற்கு மூன்று மாதம் ஆனதே என்றார். டபுள் பிரேக் கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார்.

"தட்டினது போதும். இவங்க யாரு தெரியுமா? நம்ம கிளாஸ மூடலாமா வேணாமான்னு பாக்க ஆபீஸ்லேர்ந்து வந்தவங்க."

தட்டிய கைகள் மடிக்குப் போயின. தரை பிளந்தால் போய்விடலாம் என்றிருந்தது. நான் பெஞ்சுக்குத் திரும்பியதும் சமையல்காரம்மா கையை நீட்டினார்.

"அப்ப என் பென்சிலக் குடு."

சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை, நல்ல வேளை.

பாடம் பார்த்தேன். எத்தனை உயிர்ப்பு அந்த மனுஷிக்கு! யார் இன்று எத்தனை மணிக்கு எழுந்தார், யாருக்குக் கண் எரிகிறது, யார் வீட்டில் சண்டை — எல்லாம் தெரிந்து, அவரவருக்கு ஏற்ற வேலையாகக் கொடுக்கிறார். ஆனால் ஒன்று. வங்கியில் காவலாளியாக இருக்கும் ஒருவர் வாசித்தார். எல்லோருக்கும் அவர் செக்யூரிட்டி அண்ணன். இரண்டு எழுத்து போகிறார், தடுமாறுகிறார், அதற்குள் டபுள் பிரேக் சரியான சொல்லைச் சொல்லிவிடுகிறார். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். மறுபடி இரண்டு எழுத்து. மறுபடி நிமிர்கிறார். ஒரு வரி முடிவதற்குள் எத்தனை முறை நிமிர்ந்தார்! இரண்டு வருடமாக இப்படித்தானாம்.

என் அலமாரியில் கல்வியைப் பற்றிய புத்தகங்கள் இரண்டு தட்டு நிறைய இருக்கின்றன. சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்து நான் ஒரு நாளும் நின்றதில்லை. நான் என்ன சொல்ல?

ஜூன் 7, சனி

அண்ணியிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். பென்சில் கட்டத்தில் அவள் சிரித்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "வேலைக்குப் போறவங்களப் பத்து மணிக்குக் கூப்பிட்டா யார் வருவா? இதக் கண்டுபுடிக்க ஒரு பிரிவா?" என்றாள். கூட்டத்தில் சொன்னாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அவ மனசுக்குள்ள சொல்லிருப்பா" என்றான்.

சிரிக்கவில்லை நான்.

ஜூன் 11, புதன்

இன்று டபுள் பிரேக் என்னைப் பேருந்து நிறுத்தம் வரை காரில் கொண்டுவிட்டார். பயிற்சிக் கார். கூரை மேல் பலகை, காலடியில் அந்த இரண்டாவது பிரேக். ஏறி உட்கார்ந்த உடனே கேட்டார்.

"ரெண்டு தடவ வந்து பாத்துட்ட. நான் என்ன தப்பு பண்றேன்? மறைக்காம சொல்லு."

இப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் இப்படிக் கேட்க மாட்டார்கள், நானும் கேட்டதில்லை. கொஞ்சம் சீக்கிரமாகத் திருத்திவிடுகிறீர்களோ என்றேன்.

அவர் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார். கோபித்துக்கொண்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

"கார்ல நான் உடனே நிறுத்தலன்னா ஆள் செத்துடுவான்."

"புத்தகத்துல யாரும் சாக மாட்டாங்க அக்கா."

சொன்னது நான்தானா? அவர் சத்தமாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. செக்யூரிட்டி அண்ணன் விஷயம் தனக்கும் உறுத்துகிறது என்றார். என்னென்னவோ செய்து பார்த்தாராம். மெதுவாகச் சொன்னால் சரியாகுமா, சத்தமாகச் சொன்னால் சரியாகுமா என்று. சும்மா இருந்து பார்க்க மட்டும் தோன்றவில்லையாம்.

"சும்மா இருன்னு நீ சொல்லிட்ட. எப்படி இருக்கறது? ஒருத்தர் இருந்து காட்டினா பாத்துக் கத்துக்குவேன். அதுக்குத்தானே பயிற்சி? அத நீங்க நான் வண்டில இருக்கற நேரத்துல வெக்கறீங்க."

பத்து மணிக்குத்தான் அவரிடம் கார் பழக அதிகம் பேர் வருகிறார்கள். ஒரு நாள் லீவு கேட்டதற்கு முதலாளி, பகலில் என் ஆள், மாலையில் ஊராள் என்று முன்பே சொல்லிவிட்டாராம்.

இறங்கும்போது, மாத முடிவில் என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். "என்னத் தூக்கினாக்கூடப் பரவால்ல. அவங்களுக்கு இந்த நேரத்துக்கு வேற எவன் வருவான்?"

ஜூன் 13, வெள்ளி

டபுள் பிரேக் இன்று சும்மா இருக்க முயன்றார். செக்யூரிட்டி அண்ணன் வாசிக்க வாசிக்க, அந்த மூலை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தடுமாற்றத்தில் உதட்டைக் கடித்தார். இரண்டாவதில் சொல்லிவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி என்றார். மறுபடியும் சொல்லிவிட்டார். கொத்தனார் ஒருவர் பின்னாலிருந்து, "டீச்சர் வாய்ல ஒரு செங்கல் வெக்கட்டுமா?" என்றார். டபுள் பிரேக்கே வை என்றுதான் சொன்னார்.

தான் சரியாகச் செய்யாததை எல்லோர் முன்னாலும் இப்படிச் செய்து பார்க்க ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு அது இல்லை. அதனால்தான் இவ்வளவு பார்க்கப் பிடிக்கிறதோ?

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிப் பார்த்தேன். பாதி.

ஊரின் மறுபக்கத்தில் ஒரு தபால்காரர் வகுப்பு எடுக்கிறார். நேற்று பார்த்தேன். அவரிடம் படிக்கிறவர்கள் தாங்களே தப்பைக் கண்டுபிடித்துத் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். டபுள் பிரேக் அங்கே ஒரு மாலை போய் உட்கார்ந்தால் போதும், அதையே பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாமே என்று சுற்றறிக்கையிடம் கேட்டேன். அவர் உடனே, அன்று இவர் வகுப்பை யார் எடுப்பது என்று கேட்டார். யாரும் இல்லை, எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில்தான்.

"ஆசிரியர் இல்லாத வகுப்பு மூடின வகுப்பு. அதுக்கும் விதி இருக்கு."

போகாவிட்டால் வகுப்பு போகும். போனாலும் வகுப்பு போகும். பத்து மணியைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தலையாட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.

மாலையில் டபுள் பிரேக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, இதில் கேட்க வேண்டியவர்களிடம் இன்னும் யாருமே கேட்கவில்லையே என்றார்.

"சின்னப் பசங்கன்னா விட்டுட்டுப் போக முடியாது, ஒருத்தன் ஒருத்தன அடிச்சுக்குவான். இவங்க பேரன் பேத்தி எடுத்தவங்க. ஒரு நாள் நீங்களே பாத்துக்கங்கன்னு கேட்டா மாட்டோம்பாங்களா?"

எங்கள் பிரிவில் இதுவரை யாருக்கும் இது தோன்றியதில்லை. படிக்கிறவர்கள் பெரியவர்கள் என்பது எங்கள் அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

கேட்டுவிட்டார்.

என்ன காரணம் சொல்வார் என்று யோசித்துக்கொண்டே போனேன். உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன், அலுவலக வேலை — எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார்கள். அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு ஒண்ணு சரியா சொல்லித்தரத் தெரியல. செக்யூரிட்டி அண்ணன் ரெண்டு வருஷமா ஒரே பக்கத்துல நிக்கறாருன்னா, அது அவரு குத்தம் இல்ல. அடுத்த வியாழன் நான் ஒரு டீச்சர் கிட்டப் போய் உட்காந்து கத்துக்கணும். அன்னிக்கு நீங்களா படிக்கணும். நான் போகட்டுமா?"

செக்யூரிட்டி அண்ணன் தன் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கொத்தனார்தான் முதலில், போய் வாங்க டீச்சர், எங்களுக்கும் உங்களிடமிருந்து ஒரு நாள் லீவு வேண்டும் என்றார். சிரித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சரி என்றார்கள்.

சமையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. முடியும் நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் ஒண்ணும் தெரியாம உங்கள நம்பி வந்தேன். உங்களுக்கும் தெரியாதுன்னா நான் யார நம்பறது?"

போய்விட்டார். டபுள் பிரேக் வாசல் வரை ஓடினார், பேசினார், தனியாகத் திரும்பி வந்தார். அன்றைய பாடத்தை முழுதாக நடத்தினார். குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

உண்மை சொன்னால் நல்லதே நடக்கும் என்று புத்தகங்களில் வரும். அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் இன்று அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் — பொய் சொல்ல அத்தனை வசதி இருந்தும் சொல்லவில்லையே அவர். திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

சமையல்காரம்மா இன்றும் வரவில்லை. அந்தப் பெஞ்சில் யாரும் உட்காரவுமில்லை.

ஜூன் 26, வியாழன்

எங்கிருந்து தொடங்க?

டபுள் பிரேக் தபால்காரரின் வகுப்புக்குப் போய்விட்டார். போகும்முன் என்னிடம், "நீ அங்க இரு. ஆனா வாயத் திறக்காத. அது உனக்கு நல்லாவே வரும்" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

முதலில் எல்லோரும் வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். திருமண வீட்டில் புரோகிதர் வராத மாதிரி. கொத்தனார்தான் யாராவது ஆரம்பியுங்கள், நேரம் போகிறது என்றார். போன பாடம் எந்தப் பக்கத்தில் நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. செக்யூரிட்டி அண்ணனுக்கு இருந்தது. அதே பக்கத்தில்தானே அவர் எப்போதும் நிற்கிறார்! பக்கத்தைக் காட்டப் புத்தகத்தை விரித்தவரிடமே, விரித்ததுதான் விரித்தீர்கள், வாசியுங்கள் என்று தள்ளிவிட்டார்கள்.

பேருந்து நிலையத்தைப் பற்றிய பாடம். வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் தடுமாறி, பழக்கப்படி நிமிர்ந்து பார்த்தார். பார்த்த இடத்தில் சுவர்தான் இருந்தது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை — தெரிந்தால்தானே கொடுப்பார்கள்! அவர் குனிந்தார். அந்தச் சொல்லின் தலைக்குப் போனார். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு வெளியே சொன்னார். சரியான சொல். அடுத்ததில் தப்பாகவே வாசித்தார். வரி முடிந்ததும், இது இப்படி இருக்காதே என்று தானாகவே திரும்பி வந்து மாற்றினார். கொத்தனார் கன்னத்தில் கை வைத்துக் கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுற்றறிக்கை.

சொல்லாமல் கொள்ளாமல் பார்வையிட வந்திருக்கிறார். போச்சு. எல்லாம் போச்சு. டீச்சர் இல்ல, கிளாஸ் மூடல், முடிஞ்சுது கதை. எழுந்திருக்கலாமா, போய் ஏதாவது சொல்லலாமா — என்ன சொல்ல? அவர் கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்தார்.

செக்யூரிட்டி அண்ணன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினார். வங்கி வாசலில் காட்டிப் பழகிய கை. சுற்றறிக்கை நின்றுவிட்டார். வைத்த கால் வைத்த இடத்தில், கதவைப் பிடித்தபடி. மிச்சப் பத்தி முழுவதும் அவரை அப்படியே நிறுத்திவைத்து அண்ணன் வாசித்து முடித்தார். முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"இப்ப உள்ள வாங்க சார். யாரப் பாக்கணும்?"

சுற்றறிக்கை யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்றார். நான் இருப்பதைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பு முடியும் வரை இருந்தார். முடிந்ததும் எழுந்து போனார்.

செக்யூரிட்டி அண்ணன் ஒரு பக்கம் முழுதாக வாசித்துவிட்டார் என்பது யாருக்கும் உடனே உறைக்கவில்லை. அவருக்கே உறைக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார், மறுபக்கம் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார்.

ஜூன் 27, வெள்ளி

டபுள் பிரேக் மதியம் காரோடு அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். கார் பழகும் அடுத்த பெண்ணை அங்கேயே வரச் சொல்லியிருந்தார்; அவள் வருவதற்குள் சொல்ல வேண்டுமாம். பரீட்சை எழுதிவிட்டு வந்த பெண் மாதிரி மூச்சு விடாமல் பேசினார். தபால்காரர், யாராவது வாசிக்கும்போது அவர்கள் பக்கமே பார்ப்பதில்லையாம். தாள்களை அடுக்கி நூலால் கட்டிக்கொண்டே இருப்பாராம். ஏன் என்று கேட்டதற்கு, "பாத்தா வாய் வந்துடும்மா. அதான் கைக்கு வேல குடுத்துட்டேன்" என்றாராம். அவருக்கும் இதே வியாதி இருந்ததாம்! இதைச் சொல்லும்போது டபுள் பிரேக்குக்கு அத்தனை சந்தோஷம்.

நான் சொல்ல வேண்டியது இரண்டு. சுற்றறிக்கை வந்ததை முதலில் சொன்னேன். அதற்கு அவர், ஆகிறது ஆகட்டும் என்றார். இரண்டாவதைச் சொல்லத்தான் தயங்கினேன்: செக்யூரிட்டி அண்ணன் ஒரு பக்கம் முழுதாக வாசித்தார் அக்கா.

"நான் இல்லாதப்பவா?"

ஆமாம் என்றேன்.

இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார். வண்டி நிற்கிறது, சாவி போடவில்லை. "அப்ப ரெண்டு வருஷமா அவரு போற வழிய அடைச்சுக்கிட்டு நின்னது நான்தானா?" என்றார். என்னிடம் கேட்டது போல இல்லை. தபால்காரரையும் போய்ப் பார்த்தவர், வகுப்பில் எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டவர் இவர்தானே என்று சொல்ல நினைத்தேன். ஆறுதல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எந்தச் சொல்லுல தடுமாறினாரு? எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாரு? அப்ப நீங்கள்லாம் மூஞ்ச எப்படி வெச்சிருந்தீங்க? ஒண்ணு விடாம சொல்லு."

ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சில இடங்களைத் திரும்பச் சொல்லச் சொன்னார். தன்னைக் குத்துகிற ஒரு விஷயத்தை இப்படி அக்கறையாகக் கேட்டுக்கொள்ள முடியுமா ஒருவரால்? கார் பழக வந்த பெண் கண்ணாடியைத் தட்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 30, திங்கள்

சுற்றறிக்கை கூப்பிட்டார். மேசையில் நீக்க வேண்டியவர்களின் பட்டியல். "ஆசிரியர் இல்ல. விதிப்படி அது மூடின வகுப்பு" என்று தொடங்கினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"பத்து மணிக்கு அவங்க எல்லாரும் வேலைல இருப்பாங்க சார். வராததுக்கு அதான் காரணம். ஆர்வம் இல்லாதவங்க இல்ல. அந்த அம்மா அவ்வளவு பேர் முன்னாடி, எனக்குத் தெரியல கத்துக்கப் போறேன்னு சொன்னாங்க. அவங்களத் தூக்கினா நாம யாருக்குப் பயிற்சி குடுக்கப் போறோம்?"

ஒரே மூச்சில்.

அவர் பேனாவை மூடினார். "இத ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?" என்றார். அதிகாரமாக அல்ல. நிஜமாகவே கேட்டார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூடியைத் திருகிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை. சொல்லியிருக்க வேண்டும் சார் என்றேன்.

பிறகு அவர் கேட்டது எனக்கு எதிர்பாராதது. அந்தக் காவலாளி எத்தனை நாளாகப் படிக்கிறார்? வாசிக்கும்போது திரும்பிப் போய்த் தானே சரிசெய்தாரே, அது எல்லோருக்கும் வருமா? தான் காட்டும் படங்களில் அதற்கும் ஓர் அம்பு உண்டு என்றார். நேரில் பார்த்தது வியாழக்கிழமைதான் முதல் தடவையாம். சொல்லிவிட்டு, அந்தத் தபால்காரர் தன்னையும் ஒரு நாள் உட்கார விடுவாரா என்று கேட்டார்.

பட்டியலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பட்டியல் வரவில்லை. அண்ணி, "பேசினியாமே" என்கிறாள். அண்ணன் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

ஜூலை 15, செவ்வாய்

சுற்றறிக்கையின் சுற்றறிக்கை வந்தது. தன் வகுப்பை விட்டு இன்னொருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதும் பயிற்சியே. அன்று படிக்கிறவர்கள் சம்மதித்துத் தாங்களே நடத்தும் வகுப்பு, நடந்த வகுப்பே. 'இதன்மூலம் தெரிவிப்பது என்னவென்றால்' என்றுதான் தொடங்குகிறது. இத்தனை அழகான சுற்றறிக்கையை நான் படித்ததில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பயிற்சிக்கு வரவில்லை என்று இந்தப் பருவத்தில் யாரும் நீக்கப்படவில்லை. பத்து மணிப் பயிற்சி நின்றுபோனது. தையல் வேலை செய்யும் ஆசிரியை டபுள் பிரேக்கின் வகுப்பைப் பார்க்க இரண்டு முறை வந்தார். டபுள் பிரேக் வாசிப்பு நேரத்தில் ஒரு துணியை எடுத்துச் சாலைக் குறியீடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாராம். சமையல்காரம்மா திரும்பி வரவில்லை. தபால்காரரின் வகுப்பில் சேர்ந்து படிக்கிறார். டபுள் பிரேக் அங்கே போகும் நாட்களில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், அதிகம் இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன் டபுள் பிரேக் பாடம் கேட்கப் போகிறார். இன்று அந்த வியாழன். ஓட்டுநர் பள்ளி முதலாளி முன்னறைக்கு இன்னொரு சாவி செய்து கொடுத்திருக்கிறார். அது செக்யூரிட்டி அண்ணனிடம் இருக்கிறது. ஆறு மணிக்கு அவர் திறந்தார்.